குரோம்பேட்டையில் இருக்கும் 'குரோம்' எங்கிருந்து வந்தது?

பீச் ஸ்டேஷனில் தாம்பரம் ரயில் ஏறி, கிண்டி தாண்டியதும் ஸ்டேஷன் பெயர்களை வரிசையாகக் கவனியுங்கள். பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம். மலை, தாங்கல், பாக்கம், சூலம், புரம் என்று ஏதோ ஒரு தமிழ் வாசனை எல்லாவற்றிலும் அடிக்கும். பல்லாவரத்தை அடுத்து வருகிறது குரோம்பேட்டை. அதற்கடுத்தது தாம்பரம் சானடோரியம். இந்த இரண்டு பெயர்களிலும் ஆங்கிலம் பளிச்சென்று தெரிகிறது.

சானடோரியத்துக்குக் காரணம் சுலபம். 1928-ல் டாக்டர் சவுரிமுத்து அங்கே காசநோய்க்கு ஆரம்பித்த மருத்துவமனைதான் அது. சரி, குரோம்பேட்டைக்கு என்ன காரணம்? இன்றைய பிள்ளைகளிடம் கேட்டால், "கூகுள் குரோம் மாதிரியா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ப்ரவுசர் வந்தது 2008-ல். ஊருக்குப் பெயர் வந்தது அதற்கு வெகுகாலம் முன்பே.

தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்று இருந்ததால் வந்த பெயர் என்று அந்த ஏரியாவின் பழைய ஆட்கள் சொல்வார்கள். அது சரியான பதில்தான். ஆனால், அதோடு கதை முடியவில்லை. 'குரோம்' ஒரு பக்கமும் 'பேட்டை' இன்னொரு பக்கமுமாக இந்தக் கூட்டுச்சொல் நம்மை கிரேக்கத்துக்கும் கொழும்புக்கும் கூட்டிப்போகிறது. கடைசியில் நம் வீட்டு போர்வெல் தண்ணீரில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

முதல் பாதி: குரோம்

1797-ல் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் லூயி நிக்கோலா வாக்கலன், சைபீரியாவிலிருந்து வந்த ஒரு சிவப்புக் கனிமத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்குள் இதுவரை யாரும் அறியாத ஓர் உலோகம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதன் உப்புகள் ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஒன்று மஞ்சள், ஒன்று ஆரஞ்சு, ஒன்று பச்சை, ஒன்று ஊதா. மரகதத்துக்குப் பச்சை தருவதும் மாணிக்கத்துக்குச் சிவப்பு தருவதும் இதே உலோகத்தின் துளிதான். இவ்வளவு நிறம் காட்டுவதற்கு வேறென்ன பெயர் வைப்பது? கிரேக்க மொழியில் நிறத்துக்கு 'க்ரோமா' என்று பெயர். அதிலிருந்து 'குரோம்', பிறகு 'குரோமியம்'.

இதற்குள் இன்னொரு ரகசியம் இருக்கிறது. கிரேக்கத்தில் 'க்ரோமா'வுக்கு உறவான சொல் 'க்ரோஸ்'. அதற்கு உடம்பின் மேற்பரப்பு, அதாவது தோல் என்று பொருள். தோலின் நிறம் என்பதிலிருந்துதான் பொதுவாக எல்லா நிறத்துக்கும் அந்தச் சொல் பரவியது. தோல் பதனிட்ட ஊருக்கு வந்த பெயரின் ஆணிவேரே தோல்தான்! பெயர் வைத்தவர்கள் இதை யோசித்திருக்க வாய்ப்பில்லை. அவர்களுக்குக் குரோம் என்பது வெறும் ரசாயனத்தின் பெயர்.

உடம்பையும் நிறத்தையும் ஒரே சொல்லால் குறிப்பது நமக்கும் புதிதில்லை. 'மேனி' என்றால் உடம்பு. மேனி என்றால் நிறமும்தான். பழைய தமிழில் 'நிறம்' என்ற சொல்லுக்கு மார்பு, உடம்பு என்ற பொருள்களும் உண்டு.

குரோம் இல்லாத வீடு தமிழ்நாட்டில் இருக்காது. நம் சமையலறையில் இருக்கும் எவர்சில்வர் பாத்திரம் ஒவ்வொன்றிலும் அது இருக்கிறது. நல்ல எவர்சில்வரில் நூற்றுக்குப் பதினெட்டு பங்கு அளவுக்குக் குரோமியம் கலந்திருக்கும். அது காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே படிவதால்தான் துருப் பிடிப்பதில்லை. இரும்புக்கு ஒரு தோல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 'எவர்', 'சில்வர்' இரண்டும் ஆங்கிலம். ஆனால் இந்தக் கூட்டுச்சொல்லை வீட்டுச் சொல்லாக ஆக்கிக்கொண்டது நாம்தான். லண்டன் கடையில் எவர்சில்வர் டம்ளர் கேட்டால் விழிப்பார்கள். அவர்களுக்கு அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

கூகுள் குரோமும் இதே குடும்பம்தான். கார்களின் விளிம்பில் பளபளக்கும் குரோம் பூச்சைப் பார்த்து, கம்ப்யூட்டர் திரையில் பக்கத்தைச் சுற்றியிருக்கும் பட்டன்கள், சட்டம் எல்லாவற்றையும் 'குரோம்' என்று சொல்லும் வழக்கம் வந்தது. அந்த வழியாக வந்த பெயர் அது.

கவலை இறைக்கப் பிறந்த தோல்

தமிழ்நாட்டில் தோல் பதனிடுவது பழைய தொழில். ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் ஊறவைத்த குழிகளில் தோலை வாரக்கணக்கில் போட்டு வைப்பார்கள். மெதுவாகப் பக்குவமாகும். அமெரிக்காவில் 1884-ல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். வாரக்கணக்கில் நடந்த வேலை ஒரு நாளுக்குள் சுருங்கியது. குரோமியம் தோலின் நார்களுக்கு நடுவே பாலம் போட்டதுபோல உட்கார்ந்துகொள்ளும். அப்படிப் பதனிட்ட தோலைக் கொதிநீரில் போட்டாலும் சுருங்காது. தண்ணீரில் கிடந்தாலும் சீக்கிரம் அழுகாது.

இந்த முறையைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். சென்னை ஓவியப் பள்ளியின் பொறுப்பில் இருந்த பொறியாளர். இங்கே அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு வித்திட்டவரும் அவர்தான். 1903-ல் அரசு ஆதரவோடு குரோம் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். ஷூவோ ஹேண்ட்பேக்கோ அவர் மனதில் முக்கியமாக இருக்கவில்லை. கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைப்பார்களே, அந்தத் தோல் சால்தான் அவர் கண்ணில் பட்டது. நாள் முழுக்கத் தண்ணீரில் நனைந்து நனைந்து அது சீக்கிரமே கிழிந்துவிடும். அடிக்கடி புதுசு வாங்க வேண்டியது விவசாயிக்குப் பெரிய செலவு. குரோம் தோலில் செய்தால் உழைக்கும் என்பது சாட்டர்டனின் கணக்கு.

அரசே ஒரு தொழிலைத் தொடங்கி நடத்துவது இங்கிருந்த ஐரோப்பிய வியாபாரிகளுக்குப் பிடிக்கவில்லை. எதிர்ப்பு லண்டன் வரை போனது. இந்திய விவகாரங்களுக்கான அமைச்சராக இருந்த மார்லி பிரபு, அரசு இப்படி வியாபாரத்தில் இறங்கக் கூடாது என்று 1910-ல் எழுதினார். ஆனால் அதற்குள் குரோம் முறை இங்கே வேர் பிடித்துவிட்டது. தனியார் கைக்கு வந்தது.

அந்த வரிசையில் வந்தவர் ஜி.ஏ. சேம்பர்ஸ். 1910-களில் பல்லாவரத்துக்குத் தெற்கே அவர் நடத்திய நிறுவனத்தின் பெயர் 'குரோம் லெதர் கம்பெனி'. தோல் ஷாப்புக்குத் தண்ணீர் நிறைய வேண்டும், ஆட்கள் வேண்டும், சரக்கு போய்வர வழி வேண்டும், வாடை அடிக்கும் என்பதால் நகரத்தை விட்டுத் தள்ளியும் இருக்க வேண்டும். ரயில் பாதையும் கிராண்ட் சதர்ன் ட்ரங்க் ரோடும் பக்கம் பக்கமாக ஓடும் இந்த இடம் தோதாக இருந்தது. (அந்த ரோடுதான் ஜி.எஸ்.டி. ரோடு. வரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!)

கம்பெனியைச் சுற்றிக் குடியிருப்பு வளர்ந்தது. 'குரோம் லெதர் கம்பெனி' என்ற மூன்று சொற்களில் முதல் சொல் மட்டும் மக்கள் வாயில் தங்கியது. 'லெதர்பேட்டை' என்றோ 'தோல்பேட்டை' என்றோ ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். தோல் வேலையைத் தாழ்வாகப் பார்த்த சமூகம் இது. தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, பெயரிலிருந்து தோல் உதிர்ந்துவிட்டது, ரசாயனம் நின்றுவிட்டது. அந்தக் கம்பெனி இன்று இல்லை. 'நான் குரோம்பேட்டையில் இருக்கிறேன்' என்று சொல்லும்போது யாருக்கும் அந்தச் சுண்ணாம்புக் குழிகளும், அதில் கால் வெந்த தொழிலாளிகளும் நினைவுக்கு வருவதில்லை.

இரண்டாம் பாதி: பேட்டை

'பேட்டை' நம் சொல் என்பதில் சந்தேகமில்லை. கோட்டைக்கோ ஊருக்கோ வெளியே சந்தை கூடும் இடம், வியாபாரிகளும் கைவினைஞர்களும் குடியிருக்கும் பகுதி என்பது பொருள். கன்னடத்தில் 'பேட்டெ', தெலுங்கில் 'பேட்ட', மராத்தியில் 'பேட்' என்று பக்கத்து மொழிகளிலும் உண்டு. பல்லாவரத்தில் இன்றும் வெள்ளிக்கிழமைச் சந்தை கூடுகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் பேட்டைகளுக்குப் பஞ்சமே இல்லை. 1730-களில் நெசவாளர்களைக் குடியமர்த்த உருவானது சிந்தாதிரிப்பேட்டை. 'சின்னத் தறிப் பேட்டை' என்பதே அப்படித் திரிந்தது என்பார்கள். துணி வெளுத்தவர்கள் இருந்தது வண்ணாரப்பேட்டை. தொழிலை வைத்துப் பேட்டைக்குப் பெயர் வைப்பது நம் ஊர் வழக்கம். அந்த வழக்கப்படி பார்த்தால் குரோம்பேட்டை ஒன்றும் விசித்திரமான பெயர் இல்லை. வண்ணாரப்பேட்டைக்கு அது தங்கை முறை.

ஆங்கிலத்தோடு பேட்டை சேர்வதும் இது முதல் தடவை இல்லை. திருவொற்றியூர் பக்கம் காலடிப்பேட்டை இருக்கிறது. காலடிக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயரில் அமைந்த நெசவாளர் குடியிருப்பு அது. 'காலெட் பேட்டை' என்று ஆரம்பித்தது, நம் நாக்கில் புரண்டு 'காலடிப்பேட்டை' ஆகிவிட்டது. கவர்னரைக் கால் அடிக்கே கொண்டுவந்துவிட்டோம்!

பேட்டை ஆங்கிலத்துக்கும் போயிருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கோட்டைக்கு வெளியே இருக்கும் ஊரை 'பெட்டா' என்று எழுதினார்கள். ஆங்கிலோ-இந்தியச் சொற்களைத் தொகுத்து 1886-ல் வந்த 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' அகராதியில் அந்தச் சொல் இருக்கிறது. கொழும்பில் இன்றும் பரபரப்பான கடைவீதிப் பகுதிக்கு ஆங்கிலப் பெயர் 'பெட்டா'. அங்கே தமிழர்கள் அதைப் புறக்கோட்டை என்கிறார்கள். நம் பேட்டை ஆங்கிலமாகிவிட்டது. அங்கிருப்பவர்கள் வேறு தமிழ்ப் பெயர் சொல்கிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. 1958-ல் கிண்டியில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்தது. அதைத் தமிழில் 'தொழிற்பேட்டை' என்கிறோம். தொழில் என்ற சொல்லும் பேட்டையும் சேர்ந்த சொல். அதற்குப் பல வருஷம் முன்பே, எந்த அகராதிக் குழுவும் உட்காராமல், அதே கணக்கில் மக்கள் கட்டிய சொல்தான் குரோம்பேட்டை.

ஒட்டு எப்படி இவ்வளவு கச்சிதமாக விழுந்தது? தமிழில் ஒரு சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. அதனால் ஆங்கிலத்தின் 'க்ரோ' நம் வாயில் 'குரோ' ஆனது. 'ம்' என்று முடியும் சொல்லோடு 'பே' சேர்ந்தால் தமிழ்க் காதுக்கு உறுத்தாது. தேனாம்பேட்டை இருக்கிறதே! தேனாம்பேட்டைக்குப் பக்கத்தில் குரோம்பேட்டையை வைத்தால் அசல் அக்கா தங்கை மாதிரிதான் இருக்கும். அதனால்தான், உள்ளே ஒரு கிரேக்கச் சொல் உட்கார்ந்திருப்பது தினம் போய்வருகிற நமக்கே தெரிவதில்லை.

இங்கிருந்து போன கல்

பெயர்ப் போக்குவரத்து ஒருவழிப் பாதை இல்லை. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜோப் சார்னாக்கின் கல்லறையை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட், அதில் பதித்திருந்த கரும்பலகைக் கல்லுக்கு 1893-ல் 'சார்னாக்கைட்' என்று பெயர் வைத்தார். நம் பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளில் கிடைக்கும் அதே வகைக் கல். இந்தக் குன்றுகளுக்கு எத்தனையோ கோடி வருஷ வயது. பெயர் மட்டும் கல்கத்தாவில் புதைந்த ஓர் ஆங்கிலேயருடையது. கல் இங்கிருந்து போய் ஆங்கிலப் பெயர் வாங்கியது. குரோம் அங்கிருந்து வந்து தமிழ்ப் பேட்டை ஆனது.

பெயரில் இருப்பது தண்ணீரிலும்

பெயர் விளக்கம் இதோடு முடிந்திருந்தால் சுவையான தகவல் என்று நகர்ந்துவிடலாம். ஆனால் குரோம் இந்தப் பகுதியில் பெயரோடு மட்டும் நிற்கவில்லை.

பழைய முறையில் குரோம் பதனிடும்போது, போடும் குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போய்விடும். ஒரு கிலோ தோலுக்கு 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகும். பல்லாவரம், நாகல்கேணி பகுதியில் பல வருஷங்களாகத் தோல் ஷாப்புகள் இயங்கி வந்தன. அந்தப் பகுதியின் நிலத்தடி நீரில் குரோமியமும் உப்பும் கலந்திருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கழிவுநீரைச் சுத்திகரிக்க அங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. ஆனால் நிலத்துக்குள் ஏற்கெனவே இறங்கியது சீக்கிரம் வெளியேறாது.

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. சுற்றுச்சூழலைக் கெடுத்தவரே அதைச் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில் உறுதியானது. வட ஆர்க்காடு, ஈரோடு, திண்டுக்கல், திருச்சி மாவட்டங்களோடு அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டத்துத் தோல் ஷாப்புகளுக்கும் தலா 10,000 ரூபாய் அபராதம். பல்லாவரமும் குரோம்பேட்டையும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தன.

இன்னொரு பேட்டையின் கதை இதைவிட மோசம். ராணிப்பேட்டையில் குரோமிய ரசாயனம் தயாரித்த ஒரு தொழிற்சாலை 1990-களில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற குரோமியக் கழிவு மலைபோலக் குவிந்து, மண்ணையும் நீரையும் பல வருஷங்கள் கெடுத்தது. அந்த ஊரின் பெயரில் குரோம் இல்லை. ஆனால் மண்ணில் இருக்கிறது.

குரோமியம் என்றாலே விஷம் என்று பயந்துவிட வேண்டாம். எவர்சில்வர் டம்ளரில் காபி குடிக்கலாம். தோல் பதனிடப் பயன்படும் மூன்றிணைதிறன் குரோமியம் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. அதே குரோமியம் ஆறிணைதிறன் வடிவில் இருந்தால்தான் ஆபத்து. அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு.

தோல் ஷாப்புகள் இருந்த, இருக்கிற பகுதிகளில் போர்வெல் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்துபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், குரோமியம் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்திலோ அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்திலோ கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். வழக்கமான பரிசோதனையில் குரோமியம் சேராமல் இருக்கலாம். 'குரோமியமும் பாருங்கள்' என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

பெயரை மாற்றலாமா?

2020-ல் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டு, பிறகு திரும்பப் பெற்றது. எழும்பூரையும் கோயம்புத்தூரையும் ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்ற சண்டை அது. குரோம்பேட்டையைப் பொறுத்தவரை, சிக்கல் எழுத்தில் இல்லை. 'ஏன் இந்த ஆங்கிலப் பெயர், நல்ல தமிழ்ப் பெயராக வைக்கலாமே' என்று கேட்பவர்களும் உண்டு.

எனக்கென்னவோ, இந்தப் பெயர் இப்படியே இருப்பதுதான் நல்லது என்று தோன்றுகிறது. 1949-ல் சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி. கல்லூரி இங்கேதான் இருக்கிறது. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த இடம். அவர்களால் இந்த ஊருக்கு வேறு பெருமை வந்துவிட்டது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பல்லாவரம் நகராட்சியோடு குரோம்பேட்டையும் அதற்குள் போய்விட்டது. எதுவும் மாறலாம். ஆனால், இங்கே என்ன தொழில் நடந்தது, மண்ணுக்குள் எது இறங்கியது என்பதை நேராகச் சொல்லும் ஒரே அடையாளம் இந்தப் பெயர்தான். அழகாக ஒரு நகர், ஒரு புரம் என்று மாற்றிவிட்டால், அடுத்த தலைமுறை வீடு வாங்கும்போது தண்ணீரைப் பரிசோதிக்கக் காரணமே தெரியாமல் போகும்.

இதே சுற்றுவட்டாரத்தில் இன்னும் சில பெயர்கள் இப்படி உருவாகிக்கொண்டிருக்கின்றன. பல்லாவரத்தில் 'பான்ட்ஸ்', சானடோரியத்தில் 'மெப்ஸ்', சேலையூர் பக்கம் 'கேம்ப் ரோடு' என்று கண்டக்டரிடம் சொல்லி டிக்கெட் வாங்குகிறோம். கம்பெனிகள் போகும், பஸ் ஸ்டாப் பெயர் நிற்கும். உங்கள் தெருவில் எழுபது, எண்பது வயதுப் பெரியவர் இருந்தால், உங்கள் ஸ்டாப்புக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பாருங்கள். கூடவே, அந்தக் காலத்தில் அங்கே கிணற்றுத் தண்ணீர் எப்படி இருந்தது என்பதையும் கேளுங்கள்.